துண்டுக்கடியில் பேசிய விலை

நவம்பர் 9, ஞாயிறு, கோத்தகிரி

தண்ணீர் பதினேழு டிகிரி. ஜெசிந்தா கேட்பது முப்பத்திரண்டு. நடுவில் இருக்கும் பதினைந்து டிகிரிதான் இனி என் பிழைப்பு.

ஜெசிந்தா பிசியோதெரபி படித்த பெண். காலையில் வந்து பொன்னாத்தாளுக்குப் பயிற்சி கொடுப்பாள். பொன்னாத்தாள் என் வீட்டுக்காரி; அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்தது ஆடி மாதம். முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான், பிறகு பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, தை பிறப்பதற்குள் அவள் நடந்தாக வேண்டும். தரையில் நிற்க வைத்தால் பயத்தில் உடம்பு விறைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாரம் தெரியாது, தசை இளகும் என்கிறாள் ஜெசிந்தா.

அதற்காகத்தான் நீச்சல் குளத்தோடு இந்த வீட்டை வாங்கியது. விற்றவர் தேவப்பிரியம், ரிட்டயர்டு தேயிலைத் தொழிற்சாலை மேனேஜர். விபத்தில் இடுப்பு உடைந்த மகளுக்காகக் கட்டிய குளமாம். "இந்தத் தண்ணியிலதான் சார் என் பொண்ணு நடந்தா" என்றார். பத்திர ஆபீசுக்கு அந்தப் பெண்ணே கார் ஓட்டி வந்தது, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியது. சரக்கைக் கண்ணால் பார்த்தபின் நான் யோசிப்பதில்லை. விலையும் சல்லிசு.

ஒரே தொல்லை, ரேகை மெஷின் அவர் விரலை எடுக்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தார். "ஆளு உசுரோடதான் இருக்காருங்களா?" என்று நான் கேட்க, ஆபீசே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் கண்ணைப் படம் பிடித்து வேலையை முடித்தார்கள்.

நவம்பர் 12, புதன்

கேஸ் பாய்லர் சிலிண்டர் சிலிண்டராகக் குடிக்கும். கரண்டு ஹீட்டர் ஒரு தெருவுக்கே வெளிச்சம் போடுகிற கரண்டைத் தின்னும். கூரையில் கறுப்புக் குழாய் ஓட்டி வெயிலில் சூடாக்கலாம், ஆனால் வெயில் வேண்டுமே. இங்கே மத்தியானமே மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கோபியில் இத்தனை வருஷம் பம்புசெட்டும் பைப்பும் விற்றதில் நான் படித்த பாடம் ஒன்றுதான். வரவைக் கூட்டுவதற்கு முன்னால் விரயத்தை அடை. குளத்தின் ஆழமான பாதி பொன்னாத்தாளுக்குத் தேவையில்லை, நடுவில் தடுப்பு வைத்து அடைத்துவிட்டேன். தண்ணீரை மார்பளவுக்குக் குறைத்தேன். காற்று வரும் பக்கம் பச்சை வலை கட்டினேன். தண்ணீர் பாதியானால் சூடாக்கும் செலவும் பாதி.

நவம்பர் 16, ஞாயிறு

மேட்டுப்பாளையம் ஹனீபா ஹீட் பம்ப் பூட்டிவிட்டுப் போனான். பீரோவைப் படுக்க வைத்த மாதிரி ஒரு பெட்டி, வயிற்றில் பெரிய விசிறி.

"ஏம்ப்பா, இது எப்படிச் சூடு பண்ணுது? உள்ள கம்பி கிம்பி இருக்குதா?"

"இல்லீங்கண்ணா. இது சூட்ட உண்டாக்கறதே இல்ல. காத்துல இருக்கற சூட்ட உறிஞ்சித் தண்ணிக்குள்ள தள்ளுது. அங்க எடுத்து இங்க போடறது, அவ்வளவுதான். அதனாலதான் கரண்டு கம்மி."

"அப்ப அதும் என்னையாட்ட ஏவாரிதான்னு சொல்லு."

"அதேதானுங்க. ஆனா எடுக்கற பக்கம் சில்லுன்னு ஆயிரும். முன்னால நின்னு பாருங்க."

விசிறிக்கு எதிரே நின்றேன். சவக்கிடங்குக் கதவைத் திறந்தாற்போல் காற்று வந்தது. மத்தியானம் காற்றில் சூடு இருக்கும்போதே ஓட்டிவிட வேண்டும், ராத்திரி ஓட்டினால் மெஷின்தான் தேயும் என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல யோசனை. வரத்து இருக்கும்போதுதான் வாங்கிப் போட வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

தண்ணீர்மேல் விரிக்கக் குமிழ் வைத்த நீல ஷீட் வந்தது. குமிழ் நனைந்து கெட்டுவிடுமே என்று குமிழ்ப் பக்கத்தை மேலே வைத்து விரித்தேன். படம் அனுப்பினேன். ஹனீபா போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணா, கம்பளிய ஓட்டுமேல காயப்போட்டுட்டுத் தூங்கற மாதிரி இருக்குதுங்க. குமுழு தண்ணியத் தொடோணும். சூடு பூராவும் ஆவியாத்தான் ஓடுது, அத மூடறதுதான் அது."

திருப்பிப் போட்டேன். இருபத்துமூன்று.

நவம்பர் 24, திங்கள்

இருபத்தாறில் நின்றுவிட்டது. என்ன செய்தும் அசையவில்லை. பனி அதிகம், காற்றிலேயே சூடு இல்லை, மெஷின் எதை எடுக்கும்?

பொன்னாத்தாள் பிடிவாதமாக இறங்கினாள். இடுப்பளவு போவதற்குள் உதடு நீலம் பாய்ந்து பல் அடித்தது. ஜெசிந்தா தூக்கிவிட்டாள். "அங்கிள், இந்தக் குளிருல தசை இன்னும் இறுகிடும். முப்பத்திரண்டு இல்லாம ஆன்ட்டிய இறக்காதீங்க. அப்புறம் நான் பொறுப்பு இல்ல."

துண்டைப் போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தபோது பொன்னாத்தாள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "விடுங்க. மாடு படுத்துட்டா அடிச்சா எந்திரிக்கும்? எங்கப்பன் சொல்லும், படுத்த மாட்டத் தரகன் கூடத் திரும்பிப் பாக்க மாட்டான்னு."

நான் போய் ஷீட்டின் ஓரங்களை இன்னொரு தடவை இழுத்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

இதை எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்பாமல் போகக்கூடாது என்பதற்காக.

கடை வைப்பதற்கு முன்னால் நான் மாட்டுத் தரகன். பொன்னாத்தாளின் அப்பாவிடம்தான் தொழில் கற்றேன், அந்தப் பழக்கத்தில்தான் பெண்ணையும் கொடுத்தார். கருங்கல்பாளையம் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டோம். கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அடியில் விரலைப் பிடிப்போம். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை. முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்று யாரும் சொல்வதில்லை, எதிரே நிற்கிற மாட்டைப் பார்த்தாலே தெரியும். கையை உருவிக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். உருவாமல் இருந்தால் வியாபாரம் முடிந்தது. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

இன்று விடியும்போது குளத்தோரம் மண்டியிட்டு, ஷீட்டுக்கடியில் கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். தெர்மாமீட்டர் இருந்தாலும் கையால் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

அடியில் என் விரலைப் பிடித்தது.

மூன்று விரல்கள். ஆள்காட்டி, நடு, மோதிரம். சுண்டுவிரலை ஒதுக்கிவிட்டு, அளவாக, தொழில் தெரிந்தவன் பிடிக்கிற மாதிரி. ஒருமுறை அழுத்தியது. பதிலுக்குக் காத்திருந்தது.

தண்ணீரை உறிஞ்சுகிற குழாய்வாய் அங்கே இருக்கிறது, மோட்டார் ஓடும்போது விரலை இழுக்கும். மோட்டார் அப்போது ஓடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

பழக்கதோஷம். நான் கையை உருவவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

இருபத்தொன்பது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. ஜெசிந்தா இருபத்தொன்பதே பரவாயில்லை, கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று இறக்கினாள். மார்பளவுத் தண்ணீரில் பொன்னாத்தாள் நின்றாள். நின்றாள் என்று இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். வலது கட்டைவிரல் அசைந்தது. ஜெசிந்தா கைதட்டினாள்.

பொன்னாத்தாள் என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, நீங்க எங்க இருக்கீங்க?"

"மேலதான் நிக்கறேன் புள்ள. ஏன்?"

"தண்ணிக்குள்ள ஆரோ என்ற கணுக்கால நீவியுடறாப்ல இருக்குது. உங்க கையாட்டவே இருக்குதுங்க. அதே சூடு."

"வெதுவெதுப்பா இருக்குதுல்ல, அப்படித்தான் தோணும்."

சாயங்காலம் அகல் விளக்கு ஏற்றினேன். திடீரென்று அவள் கத்தினாள். என் விரல் திரியோடு சேர்ந்து எரிந்துகொண்டிருந்திருக்கிறது. தோல் கருகின வாடை வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. வலி இல்லை. வயசானால் தோல் மரத்துப்போகும்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்னும் மூன்று டிகிரி வேண்டியிருந்தது. விடியலில் நானே போய் ஷீட்டுக்கடியில் கையை விட்டேன். மூன்று விரலையும் நானே நீட்டினேன். பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் முப்பத்திரண்டு. பிள்ளையின் உடம்புபோல் வெதுவெதுப்பாக இருக்கிறது தண்ணீர்.

டிசம்பர் 10, புதன்

ஹனீபா சர்வீசுக்கு வந்தான். மெஷினைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணா, மெஷின எப்பங்க நிறுத்துனீங்க?"

"ஞாயித்துக்கிழமை. தேவைப்படலியே."

"மூணு நாளா ஓடல. ராத்திரி வெளிய அஞ்சு டிகிரி. தண்ணி முப்பத்திரண்டுல நிக்குது?" குந்தி உட்கார்ந்து கையை நனைத்தான், சட்டென்று எடுத்துக்கொண்டான். "அடியில வெந்நி ஊத்து கீத்து இருக்குதுங்களா?"

"இருந்தா நல்லதுதானப்பா. ஓசிச் சரக்கு."

"ஓசியில ஒண்ணும் வராதுங்கண்ணா. எங்கியாவது எடுத்தாத்தான் இங்க போட முடியும். அன்னிக்கே சொன்னனுங்களே."

டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். பொழுதோடு மலை இறங்க வேண்டும் என்றான். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

இரண்டு ஸ்வெட்டர். டீ ஆறியே வருகிறது, பொன்னாத்தாள் ஊதி ஊதிக் குடிக்கிறாள்.

இந்த வீட்டோடு வந்த பூனை முதலில் என் மடியை விட்டு இறங்காது. இப்போது குளத்து ஷீட்மேல் படுத்துத் தூங்குகிறது. தூக்கி மடியில் வைத்தேன், கல்மேல் வைத்தது போல் துள்ளி ஓடியது.

பொன்னாத்தாள் தண்ணீரில் நான்கு எட்டு வைத்தாள்.

டிசம்பர் 18, வியாழன்

கேஸ் கனெக்ஷனை என் பெயருக்கு மாற்றக் கோத்தகிரிக் கடைத்தெருவுக்குப் போனேன். ரேகை மெஷினில் விரலை வைத்தேன். எடுக்கவில்லை. பத்து விரலையும் வைத்தேன். கடைக்காரப் பையன் ஒரு துணியை நீட்டி, "நல்லா தேய்ச்சு வைங்க சார், மெஷினுக்கு ஆள் இருக்கறதே தெரியல" என்றான்.

எனக்குப் பத்திர ஆபீஸ் ஞாபகம் வந்தது. நான் அடித்த ஜோக்கும்.

வீட்டுக்கு வந்து தேவப்பிரியத்தைக் கூப்பிடப் போனால் போன் திரையும் விரலுக்கு மசியவில்லை. பொன்னாத்தாள்தான் எண்ணைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். வெளியே எடுத்துப் போனேன்.

"தண்ணி சூடாயிடுச்சா சார்?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஆச்சுங்க. உங்க கை ஏன் ரேகை எடுக்கலைன்னு இப்பத்தான் புரியுதுங்க."

அவர் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்களா?"

"மேல சொல்லுங்க" என்றேன்.

"எனக்கு அது என் பொண்ணு கைன்னு தோணுச்சு சார். விடாம பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். இப்ப பேட்மிண்டன் ஆடறா. என் கைய மட்டும் தொட மாட்டா. சின்னதுல என் விரலப் பிடிச்சாத்தான் தூங்குவா."

"நிறுத்துனா என்னங்க ஆகும்?"

"அவங்க நடந்து கரையேறறதுக்குள்ள நிறுத்துனா, குடுத்தது திரும்பிடும். நான் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். அவ மறுபடி விழுந்தா."

"நிறுத்தாமயே நம்ம சூடு திரும்பி வர வழி இருக்குதுங்களா?"

"வரும். நடந்தவங்க தன் நடையில கொஞ்சம் விட்டுக் குடுத்தா, கையப் பிடிச்சா வரும். எந்த அப்பன் சார் அதப் போய்ப் பிள்ளைகிட்டக் கேப்பான்?"

பக்கத்துப் பொத்தானை அழுத்திப் போனை அணைத்தேன். பேசி முடித்தபிறகுதான் பார்த்தேன், சமையலறை ஜன்னல் திறந்து கிடந்தது. பொன்னாத்தாள் உள்ளே பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

மூன்று என்றால் மூன்று டிகிரி என்று நான் எடுத்துக்கொண்டேன், அது யார் உடம்பிலிருந்து என்று கேட்கவில்லை. சந்தையில் ஒரு கத்துக்குட்டி கூடச் செய்யாத தப்பு. மாட்டைப் பார்க்காமலே கை போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

நான்கு நாளாகக் குளத்துப் பக்கம் போகவில்லை. மெஷினை முழு வேகத்தில் ஓட்டினேன். இருபத்தொன்பது, இருபத்தாறு, இருபத்துமூன்று, இருபது.

டீ சுட்டது. நாக்கு பொத்துப்போனது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

இன்று காலை பொன்னாத்தாள் நாற்காலியிலிருந்து எழ முயன்று விழுந்தாள். வலது கால் மரக்கட்டை போல நீண்டு கிடந்தது. கட்டைவிரல் கூட அசையவில்லை. தூக்கப் போனேன். "நீங்க தொடாதீங்க" என்றாள். கோபமா, வேறு ஏதாவதா தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 25, வியாழன்

கீழே தேவாலயத்தில் விடியற்காலைப் பாட்டு. நான் குளத்தோரம்.

இந்த முறை மாட்டைப் பார்த்தபிறகே கை போடுவது என்று இருந்தேன். ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிச் சுருட்டினேன். தண்ணீர் கண்ணாடி போல் அசையாமல் கிடந்தது. அடியில் நீல ஓடு. ஓட்டுக்கு மேலே, குனிந்தபடி என் முகம். வேறு ஒன்றுமில்லை.

சரி. மாட்டைப் பார்த்துவிட்டேன்.

ஷீட்டை மூடிக் கையை விட்டேன். ஒரு விரலைப் பிடித்தது, ஆசை காட்டுகிற பிடி. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். இரண்டு. சில்லறை வியாபாரம் வேண்டாம், ஒரே பேச்சாக முடிப்போம், அவள் நடந்து கரையேற வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். முழுக் கையையும் விரித்து நீட்டினேன்.

அது பிடித்த பிடியில் என் முழங்கை வரை தண்ணீருக்குள் போனது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது பாட்டு முடிந்திருந்தது. ஷீட்டின் ஓரத்தில் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 26, வெள்ளி

முப்பத்துமூன்று.

ஜனவரி 6, செவ்வாய்

உறைபனி. புல் எல்லாம் உப்புத் தூவியது போல. பொன்னாத்தாள் குளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்கிறாள், கம்பியைப் பிடிக்காமல்.

ஜெசிந்தா என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அங்கிள், உங்களுக்கு உடம்பு சரியில்லையா? வெளுத்துப் போயிட்டீங்க." பையிலிருந்து காய்ச்சல் பார்க்கிற மெஷினை எடுத்து அக்குளில் வைத்தாள். எண்ணே வரவில்லை, 'லோ' என்று காட்டியது. தன் கையில் வைத்தாள், சரியாகக் காட்டியது. மறுபடி எனக்கு வைத்தாள்.

"பேட்டரி போயிருக்கும்மா" என்றேன்.

பொன்னாத்தாள் தண்ணீருக்குள் நடப்பதை நிறுத்திவிட்டு நின்றாள்.

ஜனவரி 12, திங்கள்

கரையேறினாள்.

படியில் யாரையும் பிடிக்காமல், ஒன்று, இன்னொன்று என்று வந்தாள். பனி படர்ந்த புல்லில் அவள் பாதம் வைத்த இடமெல்லாம் ஆவி வந்தது. பாதத்தின் அளவுக்குப் பனி கரைந்து பச்சை தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் நேராக வந்து நின்றாள். ஜெசிந்தா அழுதாள். நானும் அழுதிருக்க வேண்டும், கண்ணில் ஒன்றும் வரவில்லை.

அவள் குனிந்து என் காலடியைப் பார்த்தாள். நான் விடிந்ததிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். என் செருப்பைச் சுற்றிப் பனி அப்படியே இருந்தது, கொஞ்சமும் கரையாமல்.

"எந்திரிங்க, உள்ள போலாம்" என்றாள்.

நல்ல வியாபாரம். இரண்டு தரப்பிலும் சொன்ன சொல் தவறவில்லை. எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானையை அவளே தூக்கி வந்து அடுப்பில் வைத்தாள். பொங்கியதும் குலவை போட்டாள். எனக்கு இலையில் வைத்தாள். இனிப்புத் தெரிந்தது, சூடு தெரியவில்லை.

பிறகு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மேட்டில் முருகன் கோயில், ஏறுவதற்குக் கொஞ்சம் படிகள். "கையக் குடுங்க, ஏறோணும்" என்றாள்.

நான் யோசித்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டுக்கொண்டு, பிறகு நீட்டினேன். சில்லென்று பட்டு அவள் பதறக் கூடாது.

சிரித்தாள். "ஏனுங்க, எங்கிட்டயுமா வெல பேசறீங்க?"

"குளுருது, அதான்."

"தரகன் மக நானு. எனக்கா தெரியாது?"

துண்டுக்கடியில் கையை விட்டாள். என் கையைத் தொட்டதும் அவள் உடம்பு ஒருமுறை உதறியது. ஆனால் எடுக்கவில்லை. விரல் விரலாகத் தடவி இரண்டு விரலைத் தேர்ந்தெடுத்துப் பிடித்தாள். அழுத்தினாள். அவள் அப்பா பிடிப்பது போலவே இருந்தது.

"வேண்டாம் புள்ள. உனக்குத் தெரியாது, இது..."

"அன்னிக்கு ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சுங்க" என்றாள். "நாலு தெரு ஓடி நானென்ன பந்தயமா கட்டப் போறேன்? கோயில் வரைக்கும் நடந்தாப் போதும். என் நடையில ரண்டுதான் தாறேன். கையை உருவுனா உருவுங்க."

நாற்பது வருஷத் தொழிலில் எவ்வளவோ பேரிடம் கையை உருவியிருக்கிறேன்.

படியேறினோம். பாதி வழியில் அவளுடைய வலது கால் இலேசாக இழுத்தது. நான் நடையை அவள் வேகத்துக்குக் குறைத்துக்கொண்டேன். துண்டுக்கடியில் மரத்துக் கிடந்த என் இரண்டு விரல்களில் ஊசி குத்துவது போல் வலியும் சூடும் ஏறிக்கொண்டிருந்தன.